கையில் இருந்தால் நம்பிக்கை, கழுத்தில் இருந்தால் நகை

நான் ஒரு முன்னோடி என்பது போன மாதம்தான் எனக்கே தெரிய வந்தது. அதுவரை, ஜூரோங்கில் ஒரு ஃபேக்டரியில் ஆள் சேர்ப்பது, ஆளை அனுப்புவது, நடுவில் அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று காலம் தள்ளிய பெர்சனல் டிபார்ட்மெண்ட் ஆசாமி என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற கம்பெனியிலிருந்து மூன்று இளசுகள் வீட்டுக்கு வந்தார்கள். விசிட்டிங் கார்டு கொடுத்தார்கள். பன்முகத்தன்மை, சமத்துவம், எல்லாரையும் உள்ளடக்குதல் என்று ஒரு துறையே இருக்கிறதாம். அதற்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், சுவரில் ஒட்டப் படம் வரைய ஒருவர். எல்லாருக்கும் நல்ல சம்பளம். வயிற்றெரிச்சல் எனக்கு ஒன்றுமில்லை, சும்மா சொல்கிறேன்.

"மேடம், இந்த வேலைக்குப் பேரே இல்லாத காலத்துல நீங்க செஞ்சிருக்கீங்க லா. எங்க நியூஸ்லெட்டருக்கு எழுதிக் கொடுங்க, ப்ளீஸ். பாசிட்டிவா இருக்கட்டும்" என்றாள் தலைவி.

பெயர் இல்லாமல் என்ன? இருந்தது. 'தொல்லை' என்று பெயர். "ஸ்டெல்லா, உன் ஆட்களால் ஒரு தொல்லை, போய்ப் பார்" என்பார்கள். போய்ப் பார்ப்பேன். அதுதான் உத்தியோகம். பாசிட்டிவாக எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை. வருகிறபடி எழுதுகிறேன். வேண்டாததை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. கான்வென்ட் படிப்பு, சிராங்கூன் ரோட்டில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங், அப்புறம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாரோ என் வீட்டுக்காரரிடம், ஜூரோங்கில் புதிதாக சிப் செய்கிற அமெரிக்கக் கம்பெனியில் டைப்பிஸ்ட் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். அங்கே போனால் டைப்பிங் பரீட்சையே வைக்கவில்லை. தமிழ் பேசுவாயா என்றார்கள், பேசுவேன் என்றேன். மலாய்? பேசுவேன். ஹொக்கியன் சீனம்? காய்கறி வாங்குகிற அளவுக்கு. "நாளைக்கே வா" என்றார்கள். காய்கறி வாங்குகிற அளவு ஹொக்கியனை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் சமாதானம் பேசியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கே சிரிப்பு வருகிறது.

என் மேலதிகாரி மிஸ்டர் துரைசிங்கம். பெர்சனல் மேனேஜர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், காத்தோங்கில் வீடு. வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, வெயிலானாலும் மழையானாலும். ஆபீசில் ஆங்கிலம் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார். வெள்ளிக்கிழமை காலையில் சிலோன் ரோட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால் காரை ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையால் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு உள்ளே வருவார். கம்பெனி பஸ்ஸிலிருந்து நாங்கள் எல்லாரும் அதைப் பார்ப்போம். நாங்கள் பார்க்கிறோம் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் புகார் கேட்கிற முறை தனி. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். வார் இரண்டு பக்கமும் சமமாக விரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சரிசெய்வார். அப்புறம் "சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அவருக்குப் போதும் என்று தோன்றியதும் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார். நீங்கள் பாதியில் இருந்தாலும் சரி, அழுதுகொண்டிருந்தாலும் சரி, கூட்டம் முடிந்தது. "இதைக் கவனத்தில் கொள்வோம்" என்பார். முடியாது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அப்படிக் கவனத்தில் கொள்ளப்பட்டவை அவர் மண்டைக்குள் ஒரு கிடங்கு அளவுக்கு இருந்திருக்கும்.

நான் பார்த்த முதல் தொல்லை தைப்பூசம். அதற்குப் பொது விடுமுறை போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஸ்டோரில் வேலை பார்த்த செல்வம் காவடி எடுக்க லீவு கேட்டான். சீன சூப்பர்வைசர் தரவில்லை. கெட்டவர் இல்லை, பாவம், அவருக்குக் காவடி என்றால் என்னவென்று தெரியாது. கோயிலுக்குத்தானே, சாயங்காலம் போய்க்கொள் என்றார். செல்வம் சொல்லாமல் கொள்ளாமல் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி தூக்கிவிட்டு, மறுநாள் வந்து கம்பெனி டாக்டரிடம் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு நின்றான். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். 'முதுகிலும் மார்பிலும் பல துளைகள், வேலையினால் ஏற்பட்டவை அல்ல' என்று எழுதிக் கொடுத்தார். ஸ்டோரில் ஆணிப் பெட்டி எதுவும் அவன் மேல் விழவில்லையே என்று பாதுகாப்பு அதிகாரி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

துரைசிங்கம் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், கேட்டார், கட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் கம்பெனியில் ஒரு புதிய லீவு வந்தது. பெயர், 'சொந்த உடல் முயற்சிக்கான சம்பளமில்லா விடுப்பு'. சாமி பெயரோ முருகன் பெயரோ அதில் எங்கேயும் இல்லை. மாரத்தான் ஓடுகிற ஒரு சீனப் பையனும் அதே லீவை எடுத்துக்கொண்டு போனான். இதைத்தான் இப்போது கொள்கை வகுத்தல் என்கிறார்கள்.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். இளசுகள் கேட்டதும் இதைத்தான், நான் எழுதத் தயங்கியதும் இதைத்தான்.

எழுபதுகளின் கடைசியில் புதிய புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார், மிஸ்டர் பேக்கர். அமெரிக்கர், நல்ல உயரம், எல்லாரையும் முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். லைனில் பெண்கள் வரிசையாக மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டுவார்கள். குனிகிறபோது சங்கிலி தட்டில் விழுந்தால் ஒரு தட்டு முழுக்கப் போச்சு. நியாயம்தான். அதனால் லைனில் யாரும் எந்த நகையும் அணியக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

மோதிரம், தோடு, சங்கிலி எல்லாம் ஒரு நாளில் கழன்றன. சீனப் பெண்களின் பச்சைக்கல் வளையல் மட்டும் கழலவில்லை. சின்ன வயதில் போட்டது, கை வளர்ந்துவிட்டது, உடைத்தால்தான் வரும். உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அவர்கள் அழுதார்கள். துரைசிங்கம் கடிகாரத்தைக் கழற்றினார். அன்றைக்கு மத்தியானமே முடிவு வந்தது. வளையல் மேல் வெள்ளை பிளாஸ்டர் சுற்றிக்கொண்டால் போதும், அது அவர்கள் நம்பிக்கை, கம்பெனி மதிக்கிறது.

அடுத்து மலாய்ப் பெண்களின் தலைத்துணி. அதைத் தொப்பிக்குள் செருகிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அதுவும் மரியாதையாகவே முடிந்தது.

மூன்றாவதாகத் தாலி வந்தது. "அது தலை வழியாகக் கழன்றுவிடும் அல்லவா?" என்று கேட்டார் துரைசிங்கம். கழலும் என்றேன். "அப்படியானால் பிரச்சினை இல்லை" என்றார். அதாவது, கழற்ற முடியாதது நம்பிக்கை, கழற்ற முடிந்தது நகை. ஆஹா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு சுலபமாக ஒரு மனிதன் மதத்துக்கு இலக்கணம் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழ்ப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் லாக்கர் ரூமில் மூலையில் திரும்பி நின்று கழற்றி, முந்தானையிலோ கைப்பையிலோ முடிந்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வேலை வேண்டுமே. ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். ராஜேஸ்வரி.

ராஜேஸ்வரி அப்படியொன்றும் புரட்சிக்காரி இல்லை. லைனில் சாதாரண ஆப்பரேட்டர். சில நாள் வேகம், சில நாள் கொட்டாவி. புக்கிட் மேராவில் ஒரு அறை வீடு. புருஷன் முருகையாவும் ஜூரோங்கில்தான், கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிற வேலை. இந்த உத்தரவு வருவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் அவன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். வீட்டில் சம்பாதிக்க இவள் ஒருத்திதான். இவளுக்கு வேலையும் போகக் கூடாது, தாலியும் கழுத்தைவிட்டு இறங்கக் கூடாது.

முதல் எச்சரிக்கையைக் கொடுக்க நான்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"அக்கா, ரூலெல்லாம் ஓகே லா, நான் ஒண்ணும் சொல்லல. அவரு நல்லா இருந்தா நானே கழட்டி வச்சிருப்பேன். இப்ப எப்படிக்கா? அவரு அங்க மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கெடக்காரு, நான் இங்க தாலிய கழட்டி லாக்கர்ல வைக்கிறதா? நான் கழட்டுன நேரம் பாத்து அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது, ராஜேஸ்வரி."

"உங்க கழுத்துலயும் கெடக்கே, சிலுவை போட்டது. எட்டு மணி நேரம் கழட்டி அந்த டிராயருக்குள்ள போட்டுட்டு உக்காருங்க பாப்போம்."

எனக்குக் கோபம் சுர்ரென்று வந்தது. ஏசி ரூமில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவளுக்கு எந்த உத்தரவும் இல்லை, அதனால் என் தாலி கழுத்தில் சௌகரியமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடு என்றேன். போட்டாள். அவள் போனபின் வெகுநேரம் என்னால் எதையும் டைப் அடிக்க முடியவில்லை.

அப்புறம்தான் எனக்கு அந்த அருமையான யோசனை தோன்றியது. இன்றைய இளசுகள் இதைப் 'புத்தாக்கம்' என்பார்கள். கம்பெனிக்கு ஆகாதது உலோகம்தானே? நம் ஆட்களுக்குத் தாலி என்றால் தங்கம்தான் என்று யார் சொன்னது? மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டால் அதுவும் தாலிதான். புதுசை முதலில் கட்டிக்கொண்டு அப்புறம் பழையதை இறக்கினால் ஒரு நிமிஷம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்காது. கயிறு கழுத்தை ஒட்டி இருக்கும், தட்டில் விழாது. வேதக்காரி எனக்கே இது தெரிந்திருக்கிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவளிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"மஞ்சக் கிழங்கு கட்டிக்கிட்டு தேக்கா மார்க்கெட் பக்கம் போக முடியுமாக்கா? தாலிய அடகு வச்சுத் தின்னுட்டான்னு அவரத்தான் பேசுவாங்க. படுத்துக் கெடக்குற மனுஷனுக்கு அந்தப் பேரு வேறயா?"

இது எனக்குத் தெரியவில்லை பாருங்கள். கிழங்கு தெரிந்திருந்தது, கிழங்குக்குப் பின்னால் இருக்கிற வாய்கள் தெரியவில்லை.

ஆனால் இரண்டாவது எச்சரிக்கை வந்ததும் அவள் இறங்கி வந்தாள். தேக்கா மார்க்கெட்டில் நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கி, அம்மன் கோயிலில் வைத்து, அவளுடைய நாத்தனார் கையால் கட்டிக்கொண்டாள். மறுநாள் லைனுக்கு வந்தாள். லாக்கர் ரூமில் மூலையில் திரும்பி நின்றுகொண்டிருந்த மற்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. அந்த வாரமே தமிழ்ப் பெண்கள் அத்தனை பேர் கழுத்திலும் மஞ்சள் கிழங்கு. எல்லாரும் கட்டினால் யாரை யார் பேச? அடகு என்ற பேச்சே எழவில்லை. அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. இதற்கெல்லாம் அவர்கள் துறைத் தலைவர் வைத்துக்கொள்ளவில்லை.

துரைசிங்கம் பார்த்தார். "காய்கறி பற்றி விதியில் ஒன்றும் இல்லை" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் உண்மையிலேயே முன்னோடிதான். முடியவில்லை.

கொஞ்ச நாளில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி மிஸ்டர் லிம் தலையைப் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தார். சிப்பின் மேல் மஞ்சள் நிறத்தில் தூசி. காற்று வடிகட்டியை மாற்றினார். தரையைக் கழுவினார். கூரையில் பெயிண்ட் உதிர்கிறதா என்று ஏணி வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு டப்பியில் அந்தத் தூசியைப் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் அதைச் சோதித்துவிட்டு, 'தாவர வகை, மூலம் தெரியவில்லை' என்று பதில் அனுப்பினார்கள். மூலம் என் அறைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது.

மிஸ்டர் லிம் வீட்டுக்குப் பக்கத்தில் குழம்பு வைக்கிற தமிழம்மா யாராவது இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ஆப்பரேட்டரின் வெள்ளை மேலங்கிக் காலரில் வியர்வையோடு இறங்கியிருந்த கறையை உற்றுப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். அவ்வளவுதான். மறுநாள் உத்தரவு மாறியது. லைனில் நகையும் கூடாது, காய்கறியும் கூடாது.

மற்ற பெண்கள் மறுபடி மூலைக்குத் திரும்பினார்கள். ராஜேஸ்வரி கிழங்கை அவிழ்க்கவில்லை. தங்கத்தையும் எடுத்து மேலே கட்டிக்கொண்டு வந்தாள். இப்போது அவள் இரண்டு உத்தரவுகளையும் ஒரே கழுத்தில் மீறியவள். டிஸ்மிஸ் செய்ய வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் விசாரணை வைக்க வேண்டும் என்பது முறை.

விசாரணை அறையில் நீள மேஜை. தலைமையில் துரைசிங்கம். ஒரு பக்கம் பேக்கர், எதிர்ப்பக்கம் ராஜேஸ்வரி. பக்கத்தில் யூனியன்காரர் ஒருவர், பிஸ்கட் நன்றாக இருந்ததால் இருந்தார். நான் மொழிபெயர்ப்பாளர். நடவடிக்கை ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். அதனால் தமிழச்சி தமிழில் சொன்னதைத் தமிழ் மேனேஜருக்கு இன்னொரு தமிழச்சி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்போதே அவளுக்குப் பாதி புரிந்துவிடும், அவள் சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிடும். இருந்தாலும் இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

துரைசிங்கம் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். குற்றச்சாட்டை வாசித்தார். இந்தியக் கழுத்து அணிகலன் ஒன்றை அகற்ற மறுத்தது. பிறகு அங்கீகரிக்கப்படாத தாவரப் பொருளை அணிந்தது. பிறகு இரண்டையும் சேர்த்து அணிந்தது.

"என்ன சொல்றாரு?" என்றாள். சொன்னேன்.

"அணிகலனா?" என்றாள். துரைசிங்கத்தையே பார்த்துக்கொண்டு, என்னிடம், "இவரு வீட்டம்மா போட்டிருக்கிறதும் அணிகலன்தானா, கேளுங்கக்கா" என்றாள்.

நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. துரைசிங்கத்தின் காது சிவந்தது. கை கடிகாரத்தின் பக்கம் போயிற்று. எடுத்துக் கட்டிக்கொண்டார். கூட்டம் முடிந்தது என்று நான் பேனாவை மூடினேன். ஆனால் ராஜேஸ்வரிக்கு அந்தக் கடிகாரத்தின் சங்கதி தெரியாதே. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, அந்த வெள்ளைக்காரரு வெரல்ல போட்டிருக்காரே, அது என்னன்னு கேளுங்க. தெனம் லைனுக்கு வந்து தட்டுக்குள்ள அந்த வெரல விட்டுத்தான் காட்டுறாரு."

இதை மொழிபெயர்த்தேன். பேக்கர் தன் கையைத் தானே பார்த்தார். "இதுவா? இது என் கல்யாண மோதிரம்" என்றார்.

"அதேதான் அவள் கழுத்தில் இருப்பதும்" என்றேன்.

"மிஸஸ் ஜோசப், மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக எதுவும் சேர்க்கக் கூடாது" என்றார் துரைசிங்கம்.

"மன்னிக்கவும். அவளுடைய புருஷன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறார் என்பதையும் சேர்க்கக் கூடாதா?"

பேக்கர் என்னைப் பார்த்தார், துரைசிங்கத்தைப் பார்த்தார், முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார். "இத்தனை மாதமாக ஒருவர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லையே. ஏதோ மணிமாலை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே தெரியாது. எங்கள் எழுத்தில் முதலிலிருந்து கடைசிவரை 'அணிகலன்'தான். நாங்களே எங்கள் விஷயத்தை வெள்ளைக்காரனிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு நல்ல ஆங்கில வார்த்தையால் போர்த்தி வைத்திருந்தோம்.

பேக்கர் மோதிரத்தைத் திருகிப் பார்த்தார். கழலவில்லை. விரல் பெருத்துவிட்டிருந்தது. துரைசிங்கத்தின் இலக்கணப்படி அது நம்பிக்கையாகிவிட்டது.

விசாரணையை ஒத்திவைத்தார்கள். வெளியே நடைபாதையில் துரைசிங்கம் என்னை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஆபீசுக்குள் அவர் வாயில் தமிழ் வந்தது.

"பிள்ளை, அவன்ர மோதிரத்துக்கும் பிளாஸ்டர் சுத்தச் சொல்லும். இல்லாட்டி அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணச் சொல்லும். ரெண்டில ஒண்டு. நான் சொன்னனெண்டு சொல்லாதையும்."

நான் போய்ச் சொன்னேன், அவர் சொன்னார் என்று சொல்லாமல். பேக்கர் நல்ல மனுஷன். இரண்டையும் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து விரலில் பிளாஸ்டரோடுதான் லைனுக்கு வந்தார். கூடவே எல்லாருக்கும் புது மேலங்கி தைக்கச் சொன்னார், கழுத்துவரை பட்டன் வைத்த மூடிய காலர். உள்ளே யார் என்ன போட்டிருந்தாலும் சரி, வெளியே வரக் கூடாது. கேட்டால் எவ்வளவு சின்ன விஷயம். இதற்குத்தான் அத்தனை எச்சரிக்கை, அத்தனை கிழங்கு, அமெரிக்காவுக்கு ஒரு டப்பி.

கம்பெனி இதழில் படத்தோடு செய்தி வந்தது. பல இனத்தவரின் உணர்வுகளையும் மதிக்கும் நிறுவனம் என்று போட்டிருந்தார்கள். படத்தில் துரைசிங்கமும் பேக்கரும் புது மேலங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராஜேஸ்வரியை எடுக்கவில்லை. எடுக்க அவள் அங்கே இல்லை.

மேலங்கி தைத்து வருவதற்குள் முருகையா போய்விட்டான். விசாரணை ஒத்திவைத்ததிலிருந்து அவள் பழைய மேலங்கியோடு, தாலியைக் கழுத்தோடு சேர்த்து பிளாஸ்டர் போட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். லைனில் இருக்கும்போதுதான் போன் வந்தது. நான்தான் உள்ளே போய்த் தோளைத் தொட்டேன். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவரா?" என்றாள். கையிலிருந்த தட்டை முடித்து, மூடி, வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

கருமாதி எல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்த காலையில் புது மேலங்கிகள் ஸ்டோர் கவுண்டரில் இருந்தன. மற்றவர்கள் ஏற்கெனவே வாங்கிப் போட்டுக்கொண்டு லைனுக்குப் போய்விட்டார்கள். அவளுடையதை நான் எடுத்து வைத்திருந்தேன். அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பிரித்துப் பார்த்தாள். போட்டுக்கொண்டாள். கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் கழுத்துப் பட்டனில் கொஞ்சம் நின்றாள். காலரைத் தடவிப் பார்த்தாள்.

"இதப் போட்டா கழுத்து தெரியாதுல்ல, அக்கா?"

"தெரியாது."

"வெளிய எங்க போனாலும் மொதல்ல கழுத்தத்தான் பாக்குறாங்க. பஸ்ஸுலயும் பாக்குறாங்க."

பட்டனைப் போட்டுக்கொண்டு லைனுக்குள் போனாள். கம்பெனிப் பதிவேட்டில் அந்தக் காலர் 'தாலி அணிவோருக்கான வசதி' என்றே இருந்தது. நானும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவள் அதே லைனில் இருந்தாள். ஏசி பழுதாகி எல்லாரும் காலரைத் திறந்து விசிறிக்கொண்ட நாட்களிலும் அவள் அந்தப் பட்டனைக் கழற்றி நான் பார்த்ததில்லை.